கம்புத் தூண்டிலா, றீல் தூண்டிலா?

ஓய்வு வேளையிற் குளத்து மீன் பிடிக்கும் கமக்காரருக்குச் சில விளக்கங்கள்

பெரும்போக நெல்லை அறுத்துச் சூடடித்து முடித்த பின்னர், சிறுபோகத்துக்கு நீர் திறக்கப்படும் வரை கமக்காரருக்குச் சில கிழமை ஓய்வு கிடைக்கின்றது. மரக்கறித் தோட்டஞ் செய்வோருக்கு அவ்வளவு ஓய்வு இல்லையெனினும், இறைப்பு முடிந்த மாலை வேளையில் ஒன்றிரண்டு மணி நேரமாவது மிஞ்சும். இவ்வேளைகளிற் குளக்கட்டிலோ அலைகரையிலோ தூண்டிலுடன் அமர்வது உலர்வலயத்து ஊர்களிற் பழகிப்போன வழக்கமாகும். குளம் வயலுக்கு நீர் கொடுப்பதுடன் அமையாது, வீட்டுச் சட்டிக்குக் கறியும் கொடுக்கின்றது.

முன்னர் ஒரு மூங்கிற் கம்பும், சில முழந் தங்கூசியும், ஒரு முள்ளும் இருந்தாற் போதுமென எண்ணப்பட்டது. இப்பொழுது பட்டினத்துக் கடைகளில் றீல் பூட்டிய நாகரிகத் தூண்டில்கள் விற்பனைக்கு உள. இளைஞர் பலர் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். ஆனால் போகங்களுக்கு இடையிற் கையிலுள்ள பணம் விதைக்கும் பசளைக்கும் வேண்டிய பணமாகும். அதிற் கை வைத்து ஒரு றீல் தூண்டிலை வாங்கினால், வீட்டுக்கு வரும் மீன் கூடுமா? அன்றி மூங்கிற் கம்பே போதுமா? இவ்வினாவுக்கு விடை காண உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைத் தூண்டில்களின் அமைப்பு

கம்புத் தூண்டிலில் தங்கூசியானது கம்பின் நுனியிலேயே கட்டப்படுகின்றது. தங்கூசியின் நீளம் கம்பின் நீளத்துக்குச் சமமாகவோ ஓர் அடி குறைவாகவோ இருக்கும். இவ்வாறிருப்பின் கம்பை நிமிர்த்தியவுடன் முள்ளும் அதில் மாட்டிய மீனும் நேரே கைக்கு வந்து சேரும். 12 அடிக் கம்பில் 11 அடித் தங்கூசியைக் கட்டினால், கரையில் நிற்பவர் ஏறக்குறைய 20 அடி தூரம் வரை இரையை இடலாம். அதற்கப்பால் உள்ள மீன் அவருக்கு இல்லை.

றீல் தூண்டிலில் தங்கூசி ஒரு நூற்கட்டையிற் சுற்றப்பட்டு, தடியின் மேல் உள்ள வளையங்களினூடாக நுனி வரை செல்கின்றது. எறியும்பொழுது கம்பி வளையத்தைத் திறந்துவிட்டால், ஈயத்தின் பாரத்தினால் தங்கூசி கழன்றோடும். கைபிடியைச் சுற்றினால் அது மீண்டும் கட்டையிற் சுற்றிக்கொள்ளும். இவ்வகையால் 30 மீற்றருக்கு அப்பாலும் இரையைச் செலுத்தலாம். இதிற் பிடிப்புத் திருகு என்னும் வேறோர் உறுப்பும் உண்டு. பெரிய மீன் பலமாக இழுக்கும்பொழுது, தங்கூசி அறுந்துபோகாதவாறு சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பது இவ்வுறுப்பேயாகும்.

பழமையும் புதுமையும்

கம்புத் தூண்டில் மிகப் பழமையானது. ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முந்திய எகிப்திய ஓவியங்களிலும் அது காணப்படுகின்றது. றீலும் நேற்று வந்த பொருளன்று. 12ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலத்திற் சீன ஓவியர் மா யுவான் வரைந்த படமொன்றில், தோணியில் இருக்கும் செம்படவனின் தூண்டிலில் றீல் தெளிவாகத் தெரிகின்றது. எனினும் இன்று கடைகளிற் காணப்படும் றீலின் முன்னோடியை 1905ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்று அறிமுகஞ் செய்தவர், இங்கிலாந்தின் நெசவாலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த அல்பிரட் ஹோல்டன் இல்லிங்வேர்த் என்பவராவர். நெசவாலையில் அசையாது நிற்கும் கட்டையின் முனை வழியாக நூல் எளிதிற் கழன்று வருவது போலவே, இந்த றீலிலும் கட்டை அசையாது நிற்கத் தங்கூசி மாத்திரம் கழன்றோடுகின்றது. நைலோன் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டுப் பின்னர் தூண்டில் நூலாகவும் பரவிய காலந்தொட்டு இவ்வகை றீல் உலகெங்கும் பெருகலாயிற்று.

இங்கிலாந்தில் ட்ரவுட், சால்மன் ஆகிய மீன்களை நீக்கி, ஏனைய நன்னீர் மீன்களைப் பொதுவாகப் “பரும்படி மீன்கள்” என்னும் கருத்துடைய பெயரால் அழைப்பர். அங்கு ஓய்வு நாட்களிற் கால்வாய்க் கரைகளிலும் குளக்கரைகளிலும் அமர்ந்து இம்மீன்களைப் பிடிப்போர் பல்லாயிரவர். றீல் பிறந்த நாடாயினும் அங்கும் கம்பு அழிந்துபோகவில்லை. மாறாக, காபன் நாரினால் ஆன 16 மீற்றர் நீளக் கம்புகளை இன்று அங்குள்ள போட்டிக்காரர் பயன்படுத்துகின்றனர். அக்கம்புகளின் உட்குழலில் றப்பர் போன்ற இழுபடும் நூல் பொருத்தப்பட்டிருக்கும். மீன் இழுக்கும்பொழுது இந்நூல் நீண்டு கொடுக்கும். இரையைக் குறித்த ஓர் இடத்தில் அசையாது நிறுத்தும் ஆற்றலிற் கம்புக்கு நிகர் இல்லை என்பதே இதற்குக் காரணமாகும். அந்நாட்டவர் கண்ட இவ்வுண்மை எமது குளங்களுக்கும் பொருந்துவதை மேலே காண்போம்.

எமது குளத்து மீன்களின் இயல்பு

எந்தத் தூண்டில் நன்று என்பதை அறியுமுன், எந்த மீன் எங்கே வாழ்கின்றது என்பதை அறிதல் வேண்டும். இன்று எமது குளங்களில் மிகுதியாகக் கிடைப்பது திலாப்பியா ஆகும். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆழமில்லாத ஓரங்களிற் பாசியையும் புழு பூச்சிகளையும் உண்டு திரிவது இதன் இயல்பு. ஆகவே இது பெரும்பாலும் கம்பு எட்டும் தூரத்திலேயே இருக்கும். சிறு கெண்டை வகைகளும் பனையேறியும் ஓரங்களிலேயே உலாவும்.

விராலோவெனில் தாமரையும் அல்லியும் அடர்ந்த இடங்களிற் பதுங்கியிருந்து தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து பிடிக்கும். இது காற்றையும் சுவாசிப்பதால், இடையிடையே நீரின் மேல் வந்து வாயைத் திறப்பதைக் காணலாம். கெளிறும் விலாங்கும் அடித்தளத்தைச் சார்ந்து, இருள் சூழும் வேளையில் வெளிவந்து இரை தேடும். அதிகாரிகளால் விடப்படும் ரோகு, கட்லா, கார்ப் முதலிய பெரிய மீன்களோ ஆழமான பகுதிகளில் வாழ்ந்து பல கிலோகிராம் நிறைக்கு வளர்வன.

இருவரும் ஒரு குளமும்

ஒரே குளத்தின் கரையில் இரு கமக்காரர் மாலை 4 மணிக்கு வந்து அமர்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவரிடம் 12 அடி மூங்கிற் கம்பு. மற்றவரிடம் புதிய றீல் தூண்டில். இருவரும் மண்புழுவையே இரையாக இடுகின்றனர்.

குளத்தில் நீர் நிறைந்துள்ள மாசி, பங்குனி மாதங்களாயின், கம்பு பிடித்தவர் முந்திவிடுவார். அவரது மிதப்பு கம்பின் நுனிக்கு நேர்கீழே நிற்கின்றது. இடையிலே தளர்ந்த தங்கூசி இல்லை. மீன் இரையைத் தொட்டதும் மிதப்பு அசைய, அவர் மணிக்கட்டைச் சிறிது உயர்த்தினாற் போதும், முள் மாட்டிக்கொள்ளும். மீனைக் கழற்றி, இரை கோத்து, முன்னர் இட்ட அதே இடத்தில் மீண்டும் இடுவதற்கு அவருக்கு அரை நிமிடஞ் செல்லும். றீல்காரரோ ஒவ்வொரு முறையும் தங்கூசியைச் சுற்றி எடுத்து, மீண்டும் எறிந்து, தளர்ச்சியை நீக்கிக் காத்திருத்தல் வேண்டும். அவர் எறிவது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுவதில்லை. காற்று வீசினால் நீரின் மேற் கிடக்கும் தங்கூசி வளைந்து மிதப்பை இழுத்துச் செல்லும். கையளவு திலாப்பியாவையும் கெண்டையையும் பொறுத்தவரை, விரைவும் ஒழுங்குமே கூடையை நிரப்புகின்றன.

தாமரை இலைகளுக்கிடையே ஒரு சாண் அகலத் தெளிந்த நீர் தெரிகின்றது எனின், அங்கேயும் கம்பே சிறந்தது. இரையை மேலிருந்து நேராக இறக்கலாம். விரால் பிடித்தவுடன் மொத்தத் தங்கூசியால் அதனைத் தூக்கி, அது கொடியிற் சிக்குமுன் கரைசேர்க்கலாம். றீற் தங்கூசி இலைகளின் மேற் கிடந்து அறுபட்டுப்போகும்.

ஆனால் ஆவணி, புரட்டாதி மாதங்களில் நிலைமை மாறுகின்றது. வயல்களுக்கு நீர் பாய்ந்து குளம் சுருங்கிவிடும். கரைக்கும் நீருக்கும் இடையே முழங்காலளவு சேறு பரந்து கிடக்கும். மீன் நடுவிலுள்ள ஆழத்துக்குச் சென்றுவிடும். இப்பொழுது கம்பு பிடித்தவர் வெறுங்கையுடன் நிற்க, றீல்காரர் உறுதியான நிலத்தில் நின்றபடியே நடுக்குளத்துக்கு இரையைச் செலுத்துகின்றார்.

பெரிய மீன் மாட்டும்பொழுதும் வேறுபாடு தோன்றும். 3 கிலோகிராம் ரோகு ஒன்று கம்புத் தூண்டிலில் மாட்டினால், அது ஓடுவதற்குக் கொடுக்கத் தங்கூசி இல்லை. கம்பின் வளைவு ஒன்றே அதன் பலத்தைத் தாங்குதல் வேண்டும். பெரும்பாலும் தங்கூசி அறுந்துவிடும்; அல்லது முள் நிமிர்ந்துவிடும். றீலிலோ பிடிப்புத் திருகு இளகிக்கொடுக்க, மீன் ஓடிக் களைத்துப் பின்னர் கரைக்கு வரும்.

ஆகவே விடை யாதெனின், நாளாந்தக் கறிக்கு ஓரத்து மீன் பிடிப்பவருக்குக் கம்பும், ஆழத்துப் பெரிய மீனை நாடுபவருக்கு றீலும் ஏற்றவை என்பதேயாம். கமக்காரருட் பெரும்பாலார் முதல் வகையினர். அவர்கள் வீட்டு வேலியோரத்து மூங்கிலை வெட்டினால், செலவின்றியே தேவையை நிறைவேற்றிக்கொள்ளலாம். றீலை வாங்க விரும்புவோர், அது கம்புக்குப் பதிலாக வருவதன்று, கம்பு எட்டாத இடத்துக்கு உதவுவது என்பதை உணர்ந்து, கையில் மேலதிகப் பணம் உள்ள காலத்தில் வாங்குதல் நன்று.

கம்பைத் தயாரிக்கும் முறை

மூன்று ஆண்டுகள் வளர்ந்து முற்றிய, நேரான, கணுக்கள் நெருங்கிய மூங்கிலைத் தெரிந்துகொள்க. அடியிற் பெருவிரற் பருமனும் நுனியிற் பென்சிலிலும் மெல்லிய பருமனும் உடையதாயிருத்தல் வேண்டும். இளமூங்கில் உலரும்பொழுது சுருங்கி வெடிக்கும். வெட்டிய மூங்கிலை இரண்டு மூன்று கிழமை ஓடும் நீரில் ஊறவிட்டால், அதிலுள்ள மாப்பொருள் நீங்குவதாற் பின்னர் வண்டு துளைப்பது குறையும். அதன்பின் நிழலிற் கட்டித் தொங்கவிட்டு, அடியில் ஒரு கல்லைக் கட்டி ஒரு மாதம் உலர்த்துக. வெயிலில் உலர்த்தலாகாது. கோணல் உள்ள இடங்களை மெல்லிய தணலிற் காட்டி, சூடாறுமுன் நிமிர்த்திக் கொள்ளலாம்.

தங்கூசியை நுனியில் மாத்திரம் முடிந்துவிடுவது பலர் செய்யும் தவறாகும். நுனி முறிந்தால் மீனும் தங்கூசியும் ஒருங்கே போய்விடும். முதலிற் கம்பின் நடுப்பகுதியில் இறுகக் கட்டி, அங்கிருந்து கம்பின் வழியே நுனிக்குக் கொண்டு சென்று, அங்கே மீண்டும் கட்டுக. நுனி முறிந்தாலும் தங்கூசி நடுக்கட்டில் நிலைத்து நிற்கும்.

முள்ளைக் கட்டும்பொழுது தங்கூசியை அதன் கண்ணினூடாகச் செலுத்தி, தன்மேல் தானே ஐந்து சுற்றுச் சுற்றி, முனையை முதல் வளையத்தினுள் நுழைத்து, சுத்தமான நீரினால் நனைத்து மெல்ல இறுக்குக. நனைக்காது இறுக்கினால் உராய்வின் சூட்டினால் நைலோன் பலமிழந்து முடிச்சிலேயே அறுந்துவிடும். முட்களின் இலக்கம் பெருகப் பெருக முள்ளின் அளவு சிறுக்கும் என்பதை நினைவிற் கொள்க. சிறு கெண்டைக்கு 12ஆம் இலக்கமும், திலாப்பியாவுக்கு 8ஆம் இலக்கமும் பொருத்தமானவை.

இரையை எந்த ஆழத்தில் இடுவது என்பது முக்கியமாகும். முதலில் முள்ளிற் சிறு கல்லையோ பாரத்தையோ கட்டி நீரில் இறக்குக. மிதப்பு அமிழ்ந்துபோனால் ஆழம் அதிகம். மிதப்பு நீரின் மேற் படுத்துக் கிடந்தால் ஆழம் குறைவு. மிதப்பை ஏற்றி இறக்கி, இரை அடித்தளத்தைச் சற்றே தொடுமாறு அமைத்துக்கொள்க. ஒரு பிடி தவிட்டைக் களிமண்ணுடன் பிசைந்து, எலுமிச்சங்காயளவு உருண்டைகளாக்கி, இடையிடையே ஒவ்வொன்றாக அவ்விடத்தில் இட்டால் மீன் கூடி நிற்கும். ஒரே முறையில் நிறைய இட்டால் மீன் வயிறு நிறைந்து இரையைத் தொடாது.

றீல் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

விலை குறைந்த றீல்களிற் பற்சில்லுகள் மென்மையாயிருக்கும். கைபிடியைச் சுற்றிப் பார்த்து, தடையும் ஆட்டமும் இல்லாததைத் தெரிந்துகொள்க. நூற்கட்டையின் விளிம்புக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் குறைவாக வரும்வரை தங்கூசியைச் சுற்றுதல் வேண்டும். குறைவாகச் சுற்றினால் எறிதூரம் குறையும். விளிம்பு வரை சுற்றினால் வளையம் வளையமாகக் கழன்று சிக்கலாகும்.

பிடிப்புத் திருகைச் சரிசெய்யாது மீன் பிடிப்பவர், கம்பு பிடிப்பவரிலும் கேடான நிலையில் உள்ளார். தங்கூசி தாங்கும் நிறையின் நாலிலொரு பங்கிற்குத் திருகை அமைப்பது பொதுவான முறையாகும். தங்கூசி 4 கிலோகிராம் தாங்குமெனின், 1 கிலோகிராம் அரிசியை ஒரு சீலைப் பையில் இட்டுத் தங்கூசியின் முனையிற் கட்டித் தூக்குக. பை நிலத்தை விட்டு எழும் தறுவாயில் றீல் இளகித் தங்கூசியை விடுமாறு திருகை அமைத்தாற் போதுமானது.

சேறும் மணலும் றீலின் பகைவர். அதனை நிலத்தில் வைத்தலாகாது. வேலை முடிந்ததும் ஈரத் துணியாற் துடைத்து, உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் இட்டு வைத்தல் வேண்டும். தங்கூசி வெயிலினாற் பலமிழப்பதால் அதனை நிழலில் வைத்து, முரடாகிய பகுதியை அவ்வப்போது வெட்டி நீக்குக. மூங்கிற் கம்புக்கு இத்தகைய பராமரிப்புத் தேவையில்லை என்பதும் அதன் சிறப்புகளுள் ஒன்றாகும்.

பிடிக்காது விடவேண்டிய மீன்

இங்கிலாந்தின் ஆறுகளிற் பரும்படி மீன்களை மார்ச்சு 15 முதல் யூன் 15 வரை பிடித்தல் சட்டத்தினால் தடுக்கப்பட்டுள்ளது. அம்மீன்கள் முட்டையிடும் காலம் அதுவாதலால் இத்தடை வந்தது. எமது குளத்து மீன்களுக்கும் இனப்பெருக்கத்துக்கு இடம் கொடுத்தல் எமது கடமையாகும்.

நீரின் மேற்பரப்பிற் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரண்டு செல்வதைக் கண்டால், அவற்றின் கீழே தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கின்றன என அறிக. அவ்வேளையில் அவை எதனையும் எதிர்த்துப் பாய்வதால் எளிதில் முள்ளில் மாட்டும். இதனைக் கண்டு சிலர் அவ்விடத்திலேயே தூண்டிலை இடுகின்றனர். காவலை இழந்த குஞ்சுகளை ஏனைய மீன்களும் பறவைகளும் விரைவில் உண்டுவிடும். ஒரு விராலைப் பிடித்து நூறு விராலை இழப்பது விதைநெல்லை அவித்து உண்பதற்கு ஒப்பாகும்.

திலாப்பியா ஆண்மீன் ஆழமில்லாத மணற்பாங்கான இடத்தில் வட்டக் குழி தோண்டும். அங்கே இட்ட முட்டைகளைப் பெண்மீன் வாயிலெடுத்து, குஞ்சுகள் தாமே நீந்தும் வரை இரண்டு மூன்று கிழமை அடைகாக்கும். பிடித்த மீனின் வாயில் முட்டையோ குஞ்சோ காணப்படின், கையை நனைத்து மீனைப் பிடித்து, முள்ளை மெல்லக் கழற்றி, உடனே நீரில் விடுக. ஆனால் முற்றாக வற்றிவிடும் சிறு குளங்களில், நீர் வற்றும் தறுவாயில் எஞ்சிய மீனைப் பிடித்து உண்பதே பயனுடையதாகும். விட்டாலும் அது மடிந்துபோகும்.

80 ஹெக்ரேயருக்குக் குறைந்த வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் பலவற்றில், தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உதவியுடன் ஊர்ச் சங்கங்கள் மீன் குஞ்சுகளை விட்டு வளர்க்கின்றன. அங்ஙனம் வளர்க்கப்படும் மீன் சங்கத்தின் உழைப்பாகும். எனவே தூண்டிலை இடுமுன் கமக்காரர் அமைப்பினரையும் மீனவர் சங்கத்தினரையும் கேட்டு, அவர்களின் ஒழுங்குக்கு அமைதல் வேண்டும். நஞ்சும் வெடியும் கொண்டு மீன் பிடித்தல் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தினாற் குற்றமாகும்.

உயிருக்கு நேரும் ஆபத்துகள்

கம்பின் எட்டுந்தூரம் குறைவு என்பதை முன்னர் கண்டோம். இக்குறையை ஈடுசெய்ய இடுப்பளவு நீரில் இறங்கி நிற்போர் உளர். இது பெருந் தவறாகும். உலர்வலயக் குளங்களில் முதலைகள் வாழ்கின்றன. கலங்கிய நீரில் அவை கண்ணுக்குத் தெரியா. மாலையிலும் இரவிலும் அவை இரை தேடும். மீன் கழுவிய கழிவை நின்ற இடத்திலேயே வீசுவதும் அவற்றை அழைப்பதற்குச் சமம். கம்பு எட்டாத மீனை விட்டுவிடுக. அதற்காக நீரில் இறங்காதீர்.

காலிற் புண்ணுள்ளவர் வயற்சேற்றிலும் குளத்து நீரிலும் நிற்கும்பொழுது எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். காய்ச்சலும் தசைநோவும் கண்டால், வயலிலும் குளத்திலும் நின்றதைக் கூறித் தாமதியாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

கெளிற்றின் செட்டை முள் குத்தினாற் கடுமையான வலி உண்டாகும். பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரிற் குத்துண்ட இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வீக்கம் பெருகினால் வைத்தியசாலைக்குச் செல்க.

குளக்கட்டின் மேலாக மின்கம்பிகள் செல்லும் இடங்களிற் கம்பை நிமிர்த்துதல் உயிருக்கு ஆபத்தாகும். கடையில் விற்கும் காபன் தடி மின்னை நன்கு கடத்தும். ஈரமான மூங்கிலும் கடத்தும். மின்கம்பியிலிருந்து குறைந்தது 30 மீற்றர் விலகி நின்று மீன் பிடிக்குமாறு இங்கிலாந்திற் கூறப்படும் அறிவுரை எமக்கும் பொருந்தும். சித்திரை மாதத்துப் பிற்பகல் இடிமழை மூளும்பொழுது, தூண்டிலைக் கீழே போட்டு வீட்டுக்குத் திரும்புதலே அறிவுடைமை.

ஈயக்குண்டைப் பல்லாற் கடித்து நெரிக்கலாகாது. ஈயம் நஞ்சாகும். இங்கிலாந்திற் சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் இறந்தமையால், 1987ஆம் ஆண்டில் அவற்றின் பயன்பாடு தடுக்கப்பட்டது. அறுந்த தங்கூசியையும் கரையில் வீசாதீர். அது கொக்கின் காலிற் சிக்கும். மேயும் மாட்டின் வயிற்றிலும் சேரும். சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அழித்துவிடுக.

மருந்து தெளித்த வயலிலிருந்து நீர் வடியும் வாய்க்காலிற் பிடித்த மீனையும், இறந்து மிதக்கும் மீனையும் உண்ணலாகாது. தெளிகருவியைக் குளத்திற் கழுவுவோர், தம் பிள்ளைகளின் சட்டியிலேயே நஞ்சை இடுகின்றனர்.

முடிபு

100 கிராம் திலாப்பியா ஊனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு அது சிறந்த உணவாகும். இருவர் இருந்து பிடிக்கும் ஒரு மாலைப் பொழுதின் பயன் அதுவே. பிடித்த மீனை வெயிலிற் போடாது, ஈரச் சாக்கினால் மூடி நிழலில் வைத்து, வீடு சேர்ந்ததும் குடலை நீக்கிக் கழுவுக.

இக்கட்டுரையிற் கூறியவற்றின் சாரம் வருமாறு:

1. ஓரத்துத் திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் 12 அடி மூங்கிற் கம்பே போதும். அது விரைவும் செலவின்மையும் உடையது.

2. குளம் சுருங்கிச் சேறு பரந்த காலத்திலும், ஆழத்துப் பெரிய மீனுக்கும் றீல் தூண்டில் உதவும். விதைக்கும் பசளைக்கும் உரிய பணத்தை அதற்குச் செலவிடாதீர்.

3. றீலை வாங்கினால், பிடிப்புத் திருகை அமைக்கும் முறையை முதலிற் பழகுக.

4. குஞ்சைக் காக்கும் விராலையும், வாயில் முட்டை தாங்கிய திலாப்பியாவையும் விட்டுவிடுக.

5. நீரில் இறங்காதீர், மின்கம்பியின் கீழ்க் கம்பை நிமிர்த்தாதீர்.

தூண்டில் எதுவாயினும், குளத்தில் நீரும் நீரில் மீனும் நிலைத்திருந்தாலன்றி அதனாற் பயனில்லை. வரம்பைக் காப்பது போலக் குளத்தையும் காத்து வருவோமாயின், எமக்குப் பின் வருவோரும் அக்கரையில் அமர்ந்து மிதப்பைப் பார்த்திருப்பர்.